கடைசி மடக்கு

ஆஸ்பத்திரியில் ஒருமுறைகூடப் புரையேறாமல் தேநீர் குடித்தவருக்கு, தாராஸ் நகரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் ஏன் ஒவ்வொரு கிண்ணத்திலும் புரையேறுகிறது? பாலைக் கூட்டிப் பார்த்தேன். ஆறவைத்தும் பார்த்தேன்.

"அங்க குடுத்தது கழுவுன தண்ணி, கெழவி. அதுக்குப் புரையேறக்கூடத் தெம்பு கெடையாது," என்றார் என் கணவர் தோலெகென். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல்.

தொண்டையில் புற்று என்றதும் குரல்வளையை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. "குரல் இல்லாம இவகூட எப்படிச் சண்டை போடறது?" என்று இவர் பிடிவாதம் பிடித்தார். கதிர்வீச்சும் மருந்துமாகக் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்றினார்கள். ஆனால் கதிர் பட்ட சதை, நனைந்து காய்ந்த தோல்போல விறைத்துவிடுகிறது. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை மூடவேண்டிய மடல் அரைகுறையாகத்தான் மூடுகிறது. கெட்டித் தயிர் மெல்ல நகரும். மடலுக்கு நேரம் கொடுக்கும். தேநீர் கொடுக்காது, நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நிமோனியா வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அதனால்தான். காப்பாற்றிய குரலில் பாதி இருமலாகவே போனது.

"முகவாய நெஞ்சோட ஒட்டி விழுங்குங்கண்ணே, மூச்சுக்கொழா வாசல் குறுகும்," என்று டாக்டர் சல்தனத் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். என்னைத் தனியே அழைத்து, "இன்னொரு தடவ நிமோனியா வந்தா, குரல்வளைய எடுத்துத்தான் ஆகணும்க்கா," என்றாள்.

அவரும் சொன்னபடி குனிந்துதான் குடித்தார். நானும் முறைப்படிதான் ஊற்றினேன்: கிண்ணத்தின் அடியில் இரண்டு மடக்கு. எங்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, கேட்கக் கேட்க ஊற்றுவதுதான் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மணமாகி வந்த நாளிலிருந்து இவருக்கு நான் நிறைத்துக் கொடுத்ததில்லை.

இன்று காலை தேநீருக்குத் தொட்டுக்கொள்ள, பொரித்துவைத்த பவுர்சாக் ரொட்டியை எடுக்க எழுந்தபோது அவரைப் பக்கவாட்டில் பார்த்தேன். அடியில் கிடக்கும் தேநீர் வாய்க்கு வரக் கிண்ணம் சாயவேண்டும். கிண்ணம் சாயத் தலை பின்னால் போகவேண்டும். கடைசி மடக்கில் அவர் முகவாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஊற்றிய இரண்டு மடக்கில் எல்லாமே கடைசி மடக்கு. ஆஸ்பத்திரித் தாதி மரியாதை தெரியாமல் குவளையைத் தளும்பத் தளும்ப நிறைத்துவிட்டுப் போவாள். அந்தக் கழுவின தண்ணீரை இவர் ஒருநாளும் பாதிக்குமேல் குடித்ததில்லை.

கிண்ணத்தை வாங்கி நிறைத்தேன். விளிம்புவரை தளும்பியதை அவரிடம் நீட்டினேன்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கெழவி, என்னைக் கெளம்பச் சொல்றியா?" கேலியாகத்தான் கேட்டார். கரகரத்த அந்தக் குரலில் கேலி நிற்கவில்லை.

"நீங்க எங்கயும் போகவேணாம். தலையத் தூக்காமக் குடிங்க."

மேல்பாதியைக் குடித்தார். இருவரும் காத்திருந்தோம். இருமல் வரவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஊற்றினேன்.

விளிம்புவரை நிறைக்க வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கும் முன் மறுபடி நிறைக்க வேண்டும். அவருடைய அண்ணன்மார் எதிரில் உட்கார்ந்திருந்தாலும்.