தப்பான விலாசம்

குனார்டிக்கு ஆள் எண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது. எண்ணச் சோம்பல், அவ்வளவுதான். மாலாங் நகரத்தில் ஒரு சந்துத் தெருவுக்கு அவர் தலைவர். தெருக்காரர்கள் இருபத்தெட்டுப் பேரைத் திரட்டி, ஜாவாவின் கிழக்கு முனையில் கப்பலேறி, பாலியைக் கடந்து, லொம்போக் தீவு வரைக்கும் பஸ்ஸிலேயே ஆறு நாள் சுற்றுலா போவது அவருடைய யோசனை. வண்டி எங்கே நின்று கிளம்பினாலும் படிக்கட்டில் நின்று விசில் ஊதி ஒரே கேள்விதான் கேட்பார்.

"பக்கத்து சீட்டு இருக்கா?"

ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் உட்காருகிறவருக்காக "இருக்கு" என்று கத்த வேண்டும். ஆள் எண்ணும் வேலை முடிந்தது.

அந்தத் தெருக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடுத்தவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதென்றால் அவர்களுக்கு உயிர் போய்விடும். பக்கத்து சீட்டுக்காரர் இன்னும் கழிப்பறையிலேயே இருந்தாலும் "இதோ வந்துட்டே இருக்காரு" என்பார்களே தவிர, "வரலை" என்ற சொல் வாயில் வராது. அதனால் வண்டி தினமும் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. யாரால் தாமதம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, பாலியில் சுகாவதி சந்தை வாசலில், "இருக்காங்க!" என்று முர்சீனா கத்தினாளே, அப்போது அவள் பக்கத்து சீட்டில் ஜூமியாத்தி இல்லை. ஜூமியாத்தியின் கைப்பை மட்டும் இருந்தது.

முர்சீனாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

ஐம்பத்தெட்டு வயதுவரைக்கும் தெருமுனையில் கீரைச்சோறு விற்றுப் பிழைத்தவள் அவள். அந்தச் சோற்றில் ஊற்றும் நேற்றைய வேர்க்கடலைச் சட்னியை இன்றைக்கு அரைத்ததென்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் வாயில் அன்றைக்கு அந்தப் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒன்பது மணிக் கப்பலைப் பிடித்தே ஆக வேண்டும். பள்ளி விடுமுறைக் கூட்டம், துறைமுகத்தில் லாரியும் பஸ்ஸும் மைல் கணக்கில் நிற்கின்றன. ஒன்பதை விட்டால் அடுத்து இடம் கிடைப்பது மத்தியானம் ஒரு மணிக்குத்தான். கடலைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆகும்.

லொம்போக்கில் அவள் மகள் காத்திருந்தாள். ஒரே மகள், தாரி. பதினோரு வருஷமாகப் பார்க்காத மகள். முந்தின வாரம் தாரி அனுப்பிய செய்தியை முர்சீனா எத்தனை முறை படித்தாளோ கணக்கில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி அஸர் தொழுகை வரைக்கும் லெம்பார் துறைமுகத்துப் பள்ளிவாசல்ல இருப்பேன். வந்தா பாப்போம். வரலைன்னா அப்பா எடுத்த முடிவுதான் உனக்கும்னு வெச்சுக்கறேன். ஃபோன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். ஃபோன்ல அழுதது போதும்."

சொன்னால் செய்கிறவள் தாரி. அப்பனைப் போல.

பஸ் கிளம்பியது. முர்சீனா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. 'சந்தையில ஆளுங்க இருக்காங்க, அடுத்த வண்டில வந்துருவா, பெரிய பொம்பளைதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மடியில் மகளுக்காக வறுத்து எடுத்துவந்த டெம்பே என்ற சோயா வில்லைகளின் டப்பா இருந்தது. சின்ன வயதில் தாரி அதை அடுப்படியிலேயே நின்று தின்று தீர்ப்பாள்.

பஸ்ஸில் பாட்டு களைகட்டியது. குனார்டி ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார். தொண்டை கட்டிய சேவல் மாதிரி அவர் பாட, பின்சீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். ஜூமியாத்தியின் சத்தம் இல்லாததை யாராவது கவனித்திருக்க வேண்டும். தெருவிலேயே பெரிய வாய் அவளுடையது. ஆனால் தூங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அரை மணி நேரம் கழித்து அந்தக் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது.

முர்சீனா பையைத் திறந்தாள். எட்டிப் பார்த்தாள். தெரியாத எண். சந்தையில் யாரிடமோ ஃபோன் வாங்கித் தன் ஃபோனுக்குத் தானே அடிக்கிறாள் பாவம்! வேறு யார் எண் அவளுக்கு மனப்பாடமாக இருக்கும்? அடித்து அடித்து நின்றது. பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. தூரத்தில் பாதாங்பாய் துறைமுகமும் நங்கூரமிட்ட கப்பலின் வெள்ளை முதுகும் தெரிந்தன. இன்னும் பத்து நிமிஷம். பேசாமல் இருந்தால் போதும்.

மறுபடியும் அடித்தது.

ஜூமியாத்திக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை வியாதி. மாத்திரை அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி முர்சீனாவுக்கு வாந்தி வந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

முர்சீனா எழுந்தாள். ஆடும் பஸ்ஸில் சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். "அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் குனார்டிக்குக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். பஸ்ஸே ஹோவென்று கைதட்டியது, முர்சீனா பாடப் போகிறாள் என்று.

"ஜூமியாத்தி அக்கா வண்டில இல்லை" என்றாள். "சந்தையிலயே விட்டுட்டு வந்துட்டோம். நான்தான் பொய் சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன்."

ஓட்டுநர் கோலிக் பிரேக்கில் காலை வைத்தான்.

"லொம்போக்ல என் மக இருக்கா. அவளைப் பாக்கணும்னுதான். பாத்தாம் தீவுல ஃபேக்டரி வேலைன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்தான். லொம்போக் பையனோட போயிட்டா. இன்னைக்குத்தான் வரச் சொல்லியிருக்கா." ஒலிவாங்கி எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொன்னது. அவள் அழுததையும்.

கோலிக் மெல்லச் சொன்னான்: "அம்மா, இப்பத் திருப்பினா கப்பல் போச்சு."

"போகட்டும்ப்பா. திருப்பு."

ஜூமியாத்தி சந்தை வாசலில் கவிழ்த்த பழக்கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய துணி மூட்டை. முகம் சிவந்து, முக்காடு நழுவி, பார்க்கவே பரிதாபமாக இருந்தாள். பழக்காரி குடிக்கச் சர்க்கரை போடாத டீ கொடுத்திருந்தாள், நல்லவேளை.

பஸ் நிற்கும்முன்னே அவள் வாய் திறந்துவிட்டது. "நாசமாப் போறவங்களா! ஏழரைக்குக் கிளம்பறோம்னு சொல்லிட்டு ஆறரைக்கே கிளம்பிட்டீங்களே, உங்களுக்கெல்லாம் கண் அவிஞ்சு போச்சா?"

கைக்கடிகாரத்தை நீட்டினாள். அதில் இன்னும் ஜாவா நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாலிக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் கூட்டி வைக்க வேண்டும் என்று குனார்டி கப்பலில் விசில் ஊதிச் சொன்னபோது, அம்மணி பொரித்த வாழைப்பழத்துக்கு வரிசையில் நின்றிருந்தாள்.

முர்சீனா இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

ஜூமியாத்தி கேட்டு முடித்தாள். மூக்கைச் சிந்தினாள். "அடியே, இதைச் சொல்லத்தான் இவ்வளவு அழுகையா? உன் மக லொம்போக்ல இருக்கான்னு தெருவுக்கே தெரியும்டி."

"தெரியுமா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு வெச்சுட்டு, தெரியுமான்னு கேக்கறா பாரு! பன்னண்டு பேரு கல்யாணத் துணி உடுத்திக்கிட்டு, மேளம் அடிச்சுக்கிட்டு நம்ம சந்துல வந்து நின்னாங்க. நாங்க என்ன செவிடா?"

பஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்த்த தலைகள் எல்லாம் கீழே குனிந்தன.

நடந்தது இதுதான். மாலாங்குக்குக் கொத்து வேலைக்கு வந்த சஹ்னானோடு தாரி போய்விட்டாள். அவன் ஊரில் பெண்ணை அழைத்துப்போய் நிக்காஹ் முடிப்பதுதான் வழக்கம். பிறகு மாப்பிள்ளை வீட்டார் மணமக்களோடும் மேளதாளத்தோடும் பெண்ணைப் பெற்றவர்கள் வாசலுக்கு ஊர்வலமாக வருவார்கள். அவர்கள் கதவைத் திறந்து உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பெண் வீடு எவ்வளவு தூரமாயிருந்தாலும் போகாமல் விடக்கூடாது என்று இரண்டு கடல் தாண்டி, இரண்டு ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்கள் அந்தப் பன்னிரண்டு பேர். முர்சீனாவின் புருஷன் சுதார்மோ கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னான்: "தப்பான விலாசம். இந்த வீட்டுல பொண்ணே கிடையாது."

ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று மறுநாள் முர்சீனா தெருவில் சொன்னாள். "ஆமாமா, இந்தச் சந்துல நம்பர் எல்லாம் குழப்பம்தான்" என்று தெருவே தலையாட்டியது. பாத்தாம் என்றதும், "நல்ல சம்பளமாச்சே" என்றது. போன வருஷம் சுதார்மோ இறந்தபோதுகூட மகள் ஏன் வரவில்லை என்று ஒரு வாய் கேட்கவில்லை.

"நீ சொல்லலை, நாங்க கேக்கலை" என்றாள் ஜூமியாத்தி. குரல் இறங்கிவிட்டது. "ஆனா அன்னைக்கு அவங்க வெயில்ல நின்னப்போ, நானும் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன்டி. தெருவுல ஒருத்தர்கூட ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கலை. உன் புருஷனுக்கு அவமானமாப் போயிடுமேன்னு. அந்தப் பாவம் எங்களுக்கும் உண்டு. ஏறு வண்டில."

ஒரு மணிக் கப்பலில்தான் இடம் கிடைத்தது. முர்சீனா மேல்தட்டில் நின்றுகொண்டு ஓயாமல் ஃபோன் அடித்தாள். தாரி எடுக்கவில்லை. நாலு மணிக்குமேல் அடிப்பதை நிறுத்திவிட்டு, டெம்பே டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளை இழந்தாயிற்று என்று மனம் சொல்லிவிட்டது. அவளைச் சுற்றித் தெருக்காரர்கள் கூடிக் கூடி எதையோ பேசினார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

லெம்பாரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பள்ளிவாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "ஒரு பொண்ணும் ஒரு சின்னப் புள்ளையும் மத்தியானத்துலேர்ந்து இங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. அஸர் முடிஞ்சும் ரெண்டு மணி நேரம் இருந்தாங்க. இப்பத்தான் போனாங்க."

முர்சீனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி" என்றாள் ஜூமியாத்தி. "வீடு எங்கே?"

ஒவ்வொரு பெருநாளுக்கும் தாரி அனுப்பும் துணிப் பொட்டலத்திலிருந்து வெட்டி வைத்த விலாசம் முர்சீனாவின் பணப்பையில் இருந்தது. மை மங்கிய ஒன்பது துண்டுக் காகிதங்கள். குனார்டி ஒன்றை வாங்கிக் கோலிக்கிடம் கொடுத்தார். "கடற்கரை விடுதிக்கு நாளைக்குப் போய்க்கலாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" யாருக்கும் இல்லை. இந்த ஒரு தடவை அது மரியாதைக்காகச் சொன்னது இல்லை.

உப்பளத்தை ஒட்டிய தெரு. பஸ் நுழையாது. முனையிலேயே எல்லோரும் இறங்கினார்கள். ஜூமியாத்தி தன் இரண்டு மூட்டையையும் அவிழ்த்தாள். பேரன் பேத்திகளுக்கு வாங்கிய பூப்போட்ட துணிகள், சட்டைகள். ஆளுக்கு ஒன்றாக மடித்துக் கையில் கொடுத்தாள். "வெறுங்கையோட போகக்கூடாது." குனார்டி பஸ்ஸிலிருந்த காலித் தண்ணீர்க் கேனை இறக்கி இடுப்பில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். பாட்டு வராத மனுஷனுக்குத் தாளம் நன்றாகவே வந்தது. அப்போதுதான் முர்சீனாவுக்கு விளங்கியது, கப்பலில் என்ன பேசினார்கள் என்று.

மாலாங்கின் சந்து முழுதும் லொம்போக்கின் தெருவில் ஊர்வலமாக நடந்தது. வாசல் வாசலாக ஜனங்கள் வந்து பார்த்தார்கள். நீலக் கதவு. சாத்தியிருந்தது.

கேன் சத்தம் நின்றது. ஜன்னலில் ஒரு சிறுமியின் முகம் தெரிந்து மறைந்தது. "அம்மா, வெளியே நெறைய்ய பேரு!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. பதினோரு வருஷத்தில் கொஞ்சம் கனத்துப் போயிருந்தாலும் அதே குரல்தான். "தப்பான விலாசம்னு சொல்லு."

ஜூமியாத்தி வாய் திறந்தாள். முர்சீனா அவள் கையை அழுத்தி நிறுத்திவிட்டுக் கதவின் முன்னால் போனாள்.

"தாரி. அன்னைக்கு நீங்க வெளியில நின்னப்போ நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். தாழ்ப்பாள் மேல என் கை இருந்துச்சு. உங்கப்பா திறக்காதேன்னுகூடச் சொல்லலை. நானேதான் திறக்கலை. நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பயந்தேன்." மூச்சு வாங்கினாள். "அந்த நாலு பேரையும் இப்பக் கூட்டிட்டு வந்திருக்கேன்டி. நீ எப்பத் திறக்கறியோ திற. நாங்க நிக்கிறோம்."

நின்றார்கள். தூரத்தில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. ஒருவர்கூடக் காலை மாற்றி வைக்கவில்லை.

தாழ்ப்பாள் நகர்ந்தது. தாரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்தாள், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள், பிறகு தெரு அடைக்க நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பால்யத்தில் தன்னைத் தூக்கி வளர்த்த அத்தனை முகங்களும் ஆளுக்கொரு துணியை ஏந்திக்கொண்டு நின்றன.

"எத்தனை பேரும்மா?"

"இருபத்தெட்டு" என்றாள் முர்சீனா. "நானே எண்ணினேன். எல்லாரும் இருக்காங்க."

தாரி முக்காட்டு நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு உள்பக்கம் திரும்பிப் புருஷனிடம் கத்தினாள்:

"என்னங்க, பக்கத்து வீட்ல தட்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. எங்க வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க."