எழுந்திருக்க ஆகும் நேரம்

...எரிச்சல் என்று எழுதியிருக்கிறான், அதுவும் மூன்று இடத்தில், ஓவியத்தைப் புகழ்ந்த அதே வாயால், புள்ளி புள்ளியாக வரைந்த பனைமரம் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம், தாவுவதும் வெட்டுவதும் விரலுக்கு அப்படியே கட்டுப்படுகிறதாம், ஆனால் ஹீரோ பாலத்திலிருந்து விழுந்து செத்தால் கரையில் குப்புறக் கிடந்து எழுந்திருக்க நான்கு விநாடி ஆகிறதாம், பழைய வீடியோ கேம்களின் அழகை எடுத்தவர்கள் அவற்றின் எரிச்சலையும் எதற்குத் தூக்கி வந்தார்கள் என்று கேட்கிறான்... விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து போனில் எங்கள் கேமுக்கு வந்த இந்த விமர்சனத்தையேதான் படிக்கிறேன். நேற்று ஒருவன், முந்தாநாள் ஒருத்தி, எல்லாருக்கும் அந்த நான்கு விநாடிதான் உறுத்துகிறது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இல்லை, அவர்களைச் சொல்லி என்ன, ஒரே பாலத்தில் திரும்பத் திரும்ப விழுகிறவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும். கேமை வெளியிட்டுக் கொடுத்த குமரேசனும் காலையில் அதையேதான் சொன்னான், புரோகிராம்ல ஒரு வரிதானே கோபி, தூக்கிடு, இப்பிடியே போனா ஒருத்தன் சீந்த மாட்டான்...

ஒரு வரியாம். அந்த ஒரு வரி அறிவுச்செல்வன், என்னோடு சேர்ந்து இந்த கேமைச் செய்தவன். அவன் வரைந்தது என்பதற்காகச் சொல்லவில்லை, அவனேதான் அது. கிடங்கல் ஏரிக்கரையில் லுங்கியோடு அவன் பொத்தென்று விழ, நான் போனில் வீடியோ எடுக்க, டேய், சிரிக்காம எட்றா, இன்னொரு வாட்டி வுழறேன் என்று கத்துவான், பிறகு அதைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தான், முதலில் விரல் அசையும், அடுத்து ஒரு முழங்கால் ஊன்றும், மண்ணைத் தட்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவான். கேம் வெளிவருவதற்கு முந்தைய மாதம் பைபாஸில் லாரி இடித்து விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இதை விமர்சனத்துக்கு மறுமொழியாக எழுதினால் என்ன ஆகும்? பாவம் என்று ஸ்டாரைக் கூட்டிப் போடுவார்கள், அந்த ஸ்டார் எனக்கு வேண்டாம்... கூட்டேரிப்பட்டு தாண்டும்போது வழக்கம்போல் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கிறேன், அவனை லாரி இடித்த இடம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவன் அம்மா சவுரியம்மாள் அதை எடுக்காதே என்றுதான் நிச்சயம் சொல்வாள், பெற்றவளே சொன்ன பிறகு குமரேசன் என்ன பேசிவிடுவான்? அதற்காகத்தான் திண்டிவனம் போகிறேன், பிறகென்ன நலம் விசாரிக்கவா...

போனபோது பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை முடித்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவின் லேப்டாப்பில் அதே கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். வா கோபி, சாப்ட்டியா என்கிறாள், அதற்குள் பாலத்தில் அவன் விழுகிறான், சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள், எழுந்து ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரையைப் பார்க்கிறாள், மறுபடி விழுகிறான், மறுபடி சுவர்... இத்தனை நாளும் இப்படித்தான் ஆடினாளா, நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? இதுவரை நல்ல விமர்சனங்களை மட்டுமே அவளுக்குத் தமிழில் சொல்லி வந்தேன், படம் சூப்பராம்மா, பாட்டு சூப்பராம்மா என்று. இன்று மற்றதையும் சொன்னேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆவுதாம்மா, வெட்டச் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?

"கரெக்டாத்தானே சொல்லிக்கினு இருக்காங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் எம்புள்ள ரோட்ல கெடந்தானே, அது பத்தாதா? இதுலயும் எதுக்குப்பா அவன அவ்ளோ நேரம் போட்டு வெச்சிக்கினு இருக்க? ஜல்தி எழுப்பி வுட்டுடு."

முகம் தெரியாத விமர்சகர்களும் பெற்றவளும் ஒரே கட்சி, அப்படியென்றால் இத்தனை நாள் யாருக்காகச் சண்டை போட்டேன்? இருப்பா, சோறு போடறேன் என்று லேப்டாப்பை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போகிறாள். நான் ஒரு தடவை தாவ விடுகிறேன், வேண்டுமென்றே குறைவாக, விழுகிறான், கரையில் குப்புறக் கிடக்கிறான், விரல் இன்னும் அசையவில்லை... எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டால் அது வெறும் கேம், கிடக்கிறபோது மட்டும்தான் அவன் அறிவு, கிடக்கிறபோது மட்டும்தான் எழுந்துவிடுவான் என்று என்னால் காத்திருக்க முடிகிறது, அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்?