இடப்பக்கத்து ஆள்

லீலாவின் தம்பி ஜெயக்குமாரின் கருமாதி முடிந்தது. வந்த சனமெல்லாம் காபியைக் குடித்து, 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனது. என்னமோ தலையெழுத்தை இவர்களே படித்துப் பார்த்த மாதிரி! மறுநாள் அவள் கணவனும் வேலைக்கு, செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் அவளும் தறியும்தான் மிச்சம்.

கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்பவர் நடுவில். கரை நூல் சுற்றிய நாடாவை ஓட்டுபவர் இடப்பக்கம். அந்த இடப்பக்கம் ஜெயக்குமாருடையது. கரை இழையை உடல் இழையோடு கோத்ததும் 'ம்' என்பான். அதைக் கேட்டுத்தான் லீலா கால்பலகையில் அடுத்த மிதி மிதிப்பாள்.

அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் ஸ்டெம் செல் கொடுத்தவள் அவள்தான். முழுப் பொருத்தம் என்று டாக்டர் சொன்னபோது தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அவன் ரத்த வகையே அக்காவுடையதாக மாறியது. பிறகு தோல் உரிந்தது, குடல் புண்ணானது, ஈரல் கெட்டது.

"உங்க செல்லு அவரு உடம்ப வேத்தாளுன்னு நெனச்சி தாக்குதும்மா" என்றார் டாக்டர்.

தன் ரத்தத்துக்குத் தன் தம்பியை அடையாளம் தெரியவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? அவன் மனைவி சரண்யாவை அவள் இன்னும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் தறியில் உட்கார்ந்தாள். கை தன் பாட்டுக்கு ஓடியது. நாலு விரல் அகலம் நெய்த பிறகுதான் பார்த்தாள். இடப்பக்கம் கரையே விழவில்லை, வெறும் பாவு நூல்தான். காதில் மட்டும் அத்தனை நேரமும் 'ம்' கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"ரொம்ப நேரமா நின்னுகினு கீறேன். நீங்க பாக்கவே இல்லக்கா."

வாசலில் சரண்யா. உள்ளே வந்து இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். "நெய்ஞ்சதப் பிரிங்க. நான் கரை போடுறேன்."

"வேணாம் சரண்யா. என் ரத்தம்தான் அவனக் கொன்னுச்சி."

சரண்யா நாடாவைக் கையில் எடுத்தாள். "எனக்கும் உங்க மேல கோவம்தான்க்கா. ஆஸ்பத்திரிலயிருந்தே. ஆனா கோவப்படக்கூட எனக்கு வேற யாரு கீறாங்க?"

இருவரும் இழை இழையாகப் பிரித்தார்கள். பிறகு சரண்யா கரை இழையைத் தட்டுத் தடுமாறிக் கோத்தாள். லீலாவின் கால் மிதியிலேயே நின்றது.

"கோத்துட்டேனேக்கா."

"'ம்' சொல்லு. சொன்னாத்தான் எனக்குக் கால் நவுரும்."

சரண்யா சொன்னாள். அது அவன் குரல் இல்லை. லீலா மிதித்தாள்.