கடைக்கு நடந்து போன இருநூறு கவுன்கள்

உள்ளே ஆளில்லாமலேயே அந்த இருநூறு கவுன்களும் எழுந்து நின்றது ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு. இடுப்பில் ஒடுங்கி, கீழே குடையாய் விரியும் அறுபது வருடத்துக்கு முந்தைய வெட்டு. துணி மட்டும் தினப்படிக்கு உடுத்தும் மெல்லிய பருத்தி, இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். வெட்டியவள் அந்தத் தையல் கம்பெனியின் கட்டிங் மேசையில் பத்தொன்பது வருடமாக நிற்பவள். வேலை அவளுடையது, மாஸ்டர் என்ற பெயர் மேனேஜரின் மச்சானுடையது. மச்சானுக்கும் கத்தரி பிடிக்கத் தெரியும், நகம் வெட்டுகிற அளவுக்கு. "இந்தக் காலத்துல இதை யாரு போடுவா?" என்று அவன் சிரித்தபோது அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "இதைப் போட்டுக்கிட்டு ஓடலாம், பஸ் ஏறலாம். ஒரு தடவ போட்டவ கழட்ட மாட்டா."

எழுந்தவை படுக்க மறுத்தன. மடித்தால் நிமிர்ந்தன, பெட்டியில் வைத்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குள்ள கடைக்குப் போகலைன்னா இந்த வெட்டும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்மா." அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேராகப் போய் வாசல் கதவைத் திறந்தாள். "வாங்கடி" என்றாள்.

அவள் முன்னால் நடக்க, கவுன்கள் இரண்டிரண்டாக, சாலையின் இடதுபுறமாக, சிக்னலில் நின்று நின்று போயின. போக்குவரத்துக் காவலர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைக்கார அம்மா வெளியே வந்து, கவுன்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடேயப்பா! யாரு வெட்டினது?" வேனில் பின்னாலேயே வந்திறங்கிய மச்சான் வெட்கமில்லாமல், "மாஸ்டர் நான்தாங்க" என்றான். இருநூறு கவுன்களும் ஒரே சுழலாகச் சுழன்று அவனுக்கு முதுகைக் காட்டின. அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "நான் வெட்டினதும்மா. ஒவ்வொண்ணும் நான் வெட்டினது."

எட்டு வருடமாகச் சரக்கு இப்படித்தான் போகிறது. வியாழக்கிழமைகளில் அந்தத் தெருவில் பஸ் நான்கு நிமிடம் நிற்கும் என்று நேர அட்டவணையிலேயே அச்சடித்துவிட்டார்கள். மச்சான் இப்போது வாசல் கதவைத் திறந்துவிடுகிறான். குறை சொல்லக் கூடாது, அதை நன்றாகவே செய்கிறான். ஊருக்குப் புதியவர்கள் யாராவது பதறிப்போய் என்ன இது என்று கேட்டால், பஸ்ஸில் இருப்பவர்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "மாஸ்டரம்மா போறாங்க" என்கிறார்கள்.