இருநூற்று ஆறு பேரின் பணம்

ஆடிட்டர் சிவசங்கர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியதும் தாளாளர் பச்சமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. தியாகதுருகம் சாலையில் கரும்பு விளைந்த ஆறு ஏக்கரைக் கொடுத்து அவர் கட்டிய பெண்கள் கல்லூரி, இரண்டு வருஷமாக நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வருஷமும் நஷ்டம் என்றால் பேருந்துக் கடன் கிடையாது என்று வங்கி சொல்லிவிட்டது. கல்வராயன் மலைக்குப் பேருந்து விடாவிட்டால் மலைப் பெண்கள் படிப்பைப் பாதியில் விடுவார்கள்; கட்டண வரவு இன்னும் குறையும்.

சிவசங்கர் கண்ட வழி இதுதான். படித்து முடித்தோ பாதியில் விட்டோ போன இருநூற்று ஆறு பெண்கள், சேரும்போது கட்டிய இரண்டாயிரம் ரூபாய் டெபாசிட்டைத் திரும்ப வாங்கவே இல்லை. மூன்று வருஷம் கேட்காத டெபாசிட் கல்லூரியின் வருமானம் என்று கணக்குக் கொள்கையில் ஒரு வரி சேர்த்தால், நஷ்டம் தீர்ந்து ஐம்பத்திரண்டாயிரம் மிஞ்சும்.

"எழுதிடலாங்கய்யா. ஆனா மொதல்ல அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுடணும்" என்றாள் கணக்கு அலுவலர் கண்ணகி.

"இன்னாத்துக்கும்மா? அவங்களே மறந்துட்டாங்க."

"மறந்தாலும் அவங்க பணந்தானுங்களே."

பதினோரு வருஷப் பழக்கம். அவள் குரல் இவ்வளவு தணிந்துவிட்டால் பிறகு அசைக்க முடியாது என்பது பச்சமுத்துவுக்குத் தெரியும். மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலு மணி கடைசி என்று இருநூற்று ஆறு கடிதங்கள் போயின.

வந்தார்கள். உளுந்தூர்பேட்டைத் துணிக்கடையில் வேலை செய்பவள், கைக்குழந்தைக்காரி, போலீஸ் உடையிலேயே வந்த ஒருத்தி. கையெழுத்து வாங்கிப் பணம் கொடுக்கும்போதெல்லாம் கண்ணகிக்குச் சந்தோஷமும், உபரி குறைகிறதே என்ற கவலையும் சேர்ந்தே வந்தன. "இன்னிக்கி எத்தினி பேரு?" என்று தினமும் பச்சமுத்து சலித்துக்கொள்வார். வந்தவர்களுக்கு டீ சொல்லி அனுப்புவதும் அவர்தான்.

கடைசி நாள் மத்தியானத்துக்குள் இருபத்தாறு பேர் வாங்கிப் போயிருந்தார்கள். மிஞ்சியிருந்த ஐம்பத்திரண்டாயிரமும் சரியாகத் தீர்ந்துவிட்டது. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. "அது போதும்மா" என்று தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

நாலு அடித்துச் சில நிமிஷம் ஆகியிருக்கும். கடிதத்தைப் பாலிதீன் பையில் சுற்றிப் பிடித்தபடி ஒரு பெண் வாசலில் நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. கல்வராயன் மலையில் கரியாலூருக்கும் மேலே ஒரு ஊர்; அவள் பெயர் மலர்விழி. இரண்டு வருஷம் தமிழ் படித்துவிட்டு நின்றவள்.

"லேட்டாயிடுச்சுங்க மேடம். பஸ்ஸு இல்ல, ஜீப்புக்கு ஆளு சேரல, அதான்."

கண்ணகி பேனாவை எடுக்கவில்லை. இந்த இரண்டாயிரம் போனால் கணக்கு நஷ்டத்தில் முடியும். நேரம் தவறிவிட்டது என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவள் தாளாளரைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"அந்தக் கடியாரம் பத்து நிமிசம் ஃபாஸ்ட்டா ஓடிக்கினு கீதும்மா. குடுத்துடு."

காலையில்தான் கண்ணகி அதைச் சரியாக வைத்திருந்தாள். அவள் ரசீதை எடுத்தாள்.

மலர்விழி நோட்டுகளைத் தொடவில்லை. "மேடம், இத்த நீங்களே வச்சிக்கினு என்னைய மூணாவது வருசம் சேத்துக்குவீங்களா? புள்ளைய எங்கம்மா பாத்துக்கிறேன்னு சொல்லிடுச்சு."

"யூனிவர்சிட்டில பர்மிஷன் கேக்கணும். கேக்கலாம்" என்றாள் கண்ணகி.

பச்சமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அந்த ரெண்டாயிரத்த வருமானத்துல காட்டிடலாமா?"

"முடியாதுங்கய்யா. படிக்க வர்ற பொண்ணோட டெபாசிட்டு. நாமதான் அவளுக்குத் தரணும்."

"ஆக, ரெண்டாயிரம் நஷ்டம்."

"ஆமாங்கய்யா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கணக்கறிக்கையை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கெழம பேங்க்குக்கு நீயும் வா. இவளப் பத்தி, மலைக்கு பஸ்ஸு எதுக்குன்னு நீதான் சொல்லணும்" என்றார்.

கண்ணகி வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் யாரும் இல்லை, மலர்விழியைத் தவிர. அவள் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று, மூன்றாம் ஆண்டுத் தமிழ் வகுப்புகளின் கால அட்டவணையை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டவணையின் மூலையைக் கிழிக்க எட்டிய பிள்ளையின் கையை, பார்வையை எடுக்காமலே பிடித்து வைத்திருந்தாள்.