சந்திரகாந்தாவுக்குப் போட்ட கையெழுத்து

கந்தோர் வரவுப் பதிவேட்டில் காலை எட்டே முக்காலுக்குச் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து என்றால் பிந்தல். மூன்று பிந்தல் சேர்ந்தால் அரைநாள் லீவு போச்சு. நிரந்தர ஆட்களுக்கு லீவு இருக்கிறது, வெட்டிவிட்டுப் போகட்டும். நூருன்னிஸாவும் சந்திரகாந்தாவும் தற்காலிக லிகிதர்கள். ஆறு மாதத்துக்கொரு நியமனக் கடிதம்; லீவும் கிடையாது, கந்தோர் அடையாள அட்டையும் கிடையாது. அரைநாள் போனால் சம்பளத்தில் வெட்டு. அந்தச் சம்பளமோ வெளியே சொன்னால் வெட்கக்கேடு. வேலை மட்டும் நிரந்தர ஆட்களுடையதையும் சேர்த்து!

நூருன்னிஸாவுக்கு மாத்தளை டவுனிலேயே வீடு. சந்திரகாந்தா பலாபத்வலையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். இரண்டாயிரத்து ஏழு, யுத்தக் காலம். சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்குவார்கள். தமிழ்ப் பெயர் என்றால் நிற்கவேண்டியதுதான். இந்த மாதம் இரண்டு பிந்தல் ஆகிவிட்டது. புதுக் கடிதம் வேறு அடுத்த கிழமை வரவேண்டும். பாவம், எத்தனையைத்தான் தாங்குவாள் என்று அன்றைக்கு நூருன்னிஸா அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

ஒன்பதரைக்கு டெலிபோன் அடித்தது. பிரதம லிகிதர் விஜயரத்தினம் எடுத்தார், எழுந்து நின்று சிங்களத்தில் பேசினார், பதிவேட்டைப் புரட்டினார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செக் பொயின்ற்ல ஒரு பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கினமாம். எங்கட சந்திரகாந்தா எண்டு சொல்லுதாம். அவ எட்டு நாற்பதுக்கே கையெழுத்துப் போட்டிட்டா, இங்கதான் நிக்கிறா எண்டு சொல்லிட்டன். நல்லவேளை! எங்க அவ, கன்டீனுக்கோ போயிட்டா?"

நூருன்னிஸா கடிதக் கட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். சொன்னால் வேலை போகும். உம்மாவின் மருந்தை யார் வாங்குவது? பத்து நிமிஷம், படுபாவி, முழுசாகப் பத்து நிமிஷம் குனிந்த தலை நிமிராமல் கடிதங்களுக்கு இலக்கம் போட்டாள். பிறகு முடியவில்லை. எழுந்துபோய் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், அது நான் போட்ட கையெழுத்து. அவ இன்னும் வரவே இல்லீங்க."

"அடி பாவி!" என்றார். சோதனைச்சாவடிக்கு எடுக்கப் போய் இரண்டு தரம் பிழையான இலக்கத்தை அழுத்தினார். மூன்றாம் தரம் கிடைத்தது. பேசினார், கெஞ்சினார், பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார்.

"வேறொருத்தியின்ர பேரில வந்தவள் எண்டு ஜீப்பில ஏத்திட்டினமாம். எங்க கொண்டு போச்சினம் எண்டு தெரியாதாம்."

யா அல்லாஹ், நானே அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டேனே என்று நூருன்னிஸா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

விஜயரத்தினம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உம்மட பேரை நான் சொல்லேல்லை, பிள்ளை. பதிவேட்டில பிழை எண்டு மட்டும்தான் சொன்னன். போய் வேலையைப் பாரும்."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். வேறென்ன செய்வாள்?