இரண்டு மணி இடத்துக் கட்டி

நான்கு நிமிடம் முடிந்ததும் லேப் அக்கா மணியை அடித்தாள். மேஜையில் கிடந்த சிலிகான் மார்பின் மேல் ஆமையின் விரல்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன. இன்னும் முடிக்கவில்லை சார் என்றாள் ஆமை. பேராசிரியர் தாளில் பூஜ்யம் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மறுதேர்வுக்கு வரச் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமை என்ற பட்டப்பெயரை வைத்தவர்கள் அவர்கள்தான்.

அன்று மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். மருத்துவம் நான்காம் ஆண்டு. காலையில் மார்பகப் புற்றுநோய் பற்றி இருபது கேள்விகள், மதியம் பொம்மையில் கட்டியைக் கண்டுபிடிக்கும் தேர்வு. மற்ற முப்பத்தேழு பேரும் கண்டுபிடித்தார்கள். ஆனால் யாரும் தேடவில்லை. மார்பைக் கடிகார முகமாக நினைத்து இடம் சொல்வது டாக்டர்களின் வழக்கம். பொம்மையின் கட்டி இரண்டு மணி இடத்தில் இருந்தது. ஒன்பது வருடமாக அதே பொம்மை, அதே கட்டி. ஒவ்வொரு வருடமும் சீனியர்கள் ஜூனியர்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே வருவார்கள், நேராக அங்கே கை வைப்பார்கள், ஒன்றரை சென்டிமீட்டர், கெட்டி, நகராது என்று ஒப்பிப்பார்கள். நாற்பது வினாடியில் வேலை முடிந்துவிடும்.

பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பவுடர் போட்டுப் பெட்டியில் வைப்பது லேப் அக்காவின் வேலை. கேள்வித்தாளை நகல் எடுப்பதும் அவள்தான். எடுக்கும்போது படித்துப் படித்து இருபதுக்கும் அவளுக்கு விடை தெரியும். ஏழாவது கேள்வி: கட்டியில் வலி இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை, சரியா தவறா? தவறு. ஆறு வாரமாக அந்த விடை அவளோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், காலையில் அவளோடு திரும்பி வந்தது.

அவளுடைய இடது மார்பின் அடியில், மடிப்பை ஒட்டி ஏதோ இருந்தது. வலியில்லை. சில நாள் இருந்தது, சில நாள் இல்லாத மாதிரி இருந்தது. தங்கையிடம் சொல்லலாம் என்று போன் போட்டாள். அரை மணி நேரம் தங்கையின் மாமியார் கதையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பெண்ணிடம் கேட்டாள். நல்ல பெண், மறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கவைத்து இரண்டு மணி இடத்தில் மூன்று விரல்களை வைத்து அழுத்தினாள். அக்குளையும் தொட்டாள். "ஒண்ணுமே இல்லக்கா. நிம்மதியா தூங்குங்க" என்றாள். அடியில் பார் என்று லேப் அக்கா சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்ற சொல்லுக்காகத்தான் போயிருந்தாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஆமை வந்தாள். பழகிப் பார்க்க வேண்டும், ஸ்டாப்வாட்சில் நான்கு நிமிடம் வைத்துச் சொல்லுங்கள் என்றாள். லேப் அக்கா பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்து வைத்தாள். ஆமை உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பொம்மையிடம் குனிந்தாள்.

"கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். பரவாயில்லையா?"

பொம்மைக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று லேப் அக்கா சிரித்தாள். இங்கே சொல்லிப் பழகாவிட்டால் ஆளிடம் மறந்துவிடுவேன் என்றாள் ஆமை.

கழுத்தெலும்பில் தொடங்கினாள். மூன்று விரல்களின் சதைப் பகுதியால் சின்னச் சின்ன வட்டம். முதலில் தோல் மட்டும் அசைகிற மாதிரி, பிறகு சற்று அழுத்தி, பிறகு அடி வரைக்கும். மடிப்பு வரை இறங்கி, ஒரு விரல் அகலம் தள்ளி மேலே ஏறினாள். லேப் அக்காவும் இந்த அறையை இப்படித்தான் துடைப்பாள், பட்டை பட்டையாக, மூலையை விடாமல். ஸ்டாப்வாட்சை அவள் அமுக்கவே இல்லை. இரண்டு மணி இடம் வந்தது. ஆமை நின்றாள், அளவைச் சொன்னாள், மேலே நகர்ந்தாள்.

"அதான் கிடைச்சிடுச்சே. இன்னும் எங்க போற?"

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக் கூடாதாக்கா?"

"நாளைக்கும் இப்படியே பண்ணா மறுபடியும் முட்டைதான்."

"வேகமா பண்ணப் பாக்கறேன். ஆனா முழுசாத்தான் பண்ணுவேன்."

மடிப்பைத் தூக்கி அதன் அடியிலும் விரலை ஓட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பிப் போய் மறுபடி நின்றது.

"இங்க ஏதோ இருக்குக்கா. கட்டி இல்ல, கோடு மாதிரி. எதையாவது ஒட்டியிருக்கா?"

லேப் அக்கா எழுந்துவிட்டாள். ஏழு வருடத்துக்கு முன் பொம்மை அவள் கை தவறி விழுந்து, மேஜை முனையில் பட்டுக் கிழிந்தது. பசை போட்டு ஒட்டி, தேய்த்துச் சமன் செய்து, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள். கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ கைகள், பேராசிரியரின் கை உட்பட. ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஆமையின் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

போய்க் கதவைத் தாழிட்டாள். திரையை இழுத்தாள். ஸ்டாப்வாட்சை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"எவ்வளவு ஆச்சுக்கா?"

"எனக்கு ஒரு தடவை பாக்கறியாமா? எங்கேன்னு சொல்ல மாட்டேன்."

ஆமை பொம்மையை விட்டு நிமிர்ந்தாள். முகம் மாறவில்லை. "சொல்லுங்கக்கா" என்றாள். "பரீட்சை எனக்குத்தான், உங்களுக்கு இல்ல."

இடம் சொன்னாள். ஆறு வாரம் என்றாள். முதல் மார்க் பெண் பார்த்ததையும் சொன்னாள். ஆமை கடைசி வரை கேட்டாள். தான் மாணவி, தான் என்ன சொன்னாலும் நாளைக் காலை எட்டு மணிக்கு டாக்டர் பார்த்தாக வேண்டும், தானும் கூட வருவதாகச் சொன்னாள். உனக்கு மறுதேர்வு ஆயிற்றே என்றதற்கு, அது பத்து மணிக்குத்தானே என்றாள்.

லேப் அக்கா மேல் பட்டனைக் கழற்றினாள். இரண்டாவது பட்டன் வர மறுத்தது. ஆமை அவசரப்படுத்தவில்லை. குழாயில் கையைக் கழுவித் துடைத்தாள், உள்ளங்கைகளைத் தேய்த்தாள், வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள், மறுபடி தேய்த்தாள்.

"கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். பரவாயில்லையாக்கா?"